கடைசி வரிசை ஓரப் பையன்

பள்ளிக்கூட குரூப் போட்டோவைக் கையில் வாங்கியதும் நடு நாற்காலியில் இருக்கும் தலைமையாசிரியரை யாரும் பார்ப்பதில்லை. தன் பிள்ளை எங்கே என்றுதான் கண் தேடும். கடைசி வரிசை இடது ஓரத்தில் நிற்கிற பையனின் அம்மாவும் முதல் வரிசைப் பையனின் அம்மா கொடுக்கும் அதே காசைத்தான் கொடுக்கிறாள். அவன் முகம் கலங்கியிருந்தால் படம் ஸ்டுடியோவுக்குத் திரும்பி வரும். திண்டிவனத்தில் என் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்த காலத்தில் லென்ஸுக்கு இருந்த பரீட்சை இது ஒன்றுதான். நடுப் படம் எந்த லென்ஸிலும் தெளிவாக வரும். ஓரத்தில் யோக்கியதை தெரிந்துவிடும்.

அதற்காகத்தான் மரப்பெட்டி கேமரா, கறுப்புத் துணி, ஆப் பிளேட் எல்லாம். நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம் கண்ணாடி. லென்ஸை f/22 வரை மூடினால் ஓரம் தெளியும். ஆனால் வெளிச்சம் குறையும், மூடியைத் திறந்து ஒரு நொடி எண்ண வேண்டும். "யாரும் கண்ணைச் சிமிட்டாதீங்கப்பா" என்று அப்பா சொன்ன உடனே ஒருவன் சிமிட்டுவான். நெகட்டிவைப் பூதக்கண்ணாடியில் வைத்துக் கண்ணிமை மயிர் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பிரிண்ட் போட உட்காருவார். வாடிக்கையாளர் கேட்டதோ வேறு. முகம் வெள்ளையாக இருக்க வேண்டும், அம்மைத் தழும்பு தெரியக் கூடாது. நெகட்டிவில் பென்சிலால் டச்சப் செய்து அதையும் தீர்த்து வைப்பார். லென்ஸ் கொடுத்த நுணுக்கத்தைப் பென்சில் அழித்தது. ஸ்டுடியோத் தொழில் முழுக்க இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடியது.

இப்போது சின்ன மிரர்லெஸ் கேமரா வாங்கப் போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, "அண்ணே, இதுல படம் குவாலிட்டி எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். பூவையோ குழந்தையையோ எடுத்துப் பார்த்து முடிவு செய்யாதே, பிரம்மதேசத்துக்குக் கொண்டு போ என்கிறேன். எந்த பிரம்மதேசம் என்று பஸ்ஸில் கேட்பார்கள். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற வழியில் ஒன்று உண்டு. நான் சொல்வது அதுவல்ல. விழுப்புரம் மாவட்டத்திலேயே எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில், பிரம்மபுரீசுவரர், பாதாளீசுவரர் என்று இரண்டு சோழர் காலக் கற்றளிகள் நிற்கிற பிரம்மதேசம். அங்கே சுவரிலும் அடித்தளத்திலும் கல்லெழுத்து ஓடுகிறது. கேமராவைச் சோதிக்க வெள்ளைக்காரன் கோடு போட்ட அட்டை அச்சடித்தான். அமெரிக்க விமானப்படையின் 1951ஆம் ஆண்டு அட்டை இன்றும் ஆய்வகங்களில் புழங்குகிறது. நமக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கருங்கல்லில் வெட்டி வைத்துவிட்டார்கள்.

கல்லெழுத்தைக் கொண்டு கேமராவுக்குப் பரீட்சை வைத்த முதல் ஆள் நான் இல்லை. லின்னேயஸ் டிரைப் என்ற சென்னைப் படைப்பிரிவு அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 டிசம்பரில் தெற்கே கிளம்பினார். ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை என்று சுற்றி 1858இல் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தார். விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக்கினார். கேமராவைச் சுவருக்கு ஒரே தூரத்தில் நகர்த்திக்கொண்டே போனால்தான் ஒரு படத்தின் எழுத்து அடுத்த படத்தின் எழுத்தோடு அளவு சேரும். அவர் பயன்படுத்தியது மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவ். காகிதத்தின் நார் படத்தில் விழும், கண்ணாடி அளவு கூர்மை வராது. வெயிலில் கெடாது, தூக்கிச் சுமக்க லேசு என்பதால் அதை எடுத்துக்கொண்டார். கோயில் படங்களில் வானம் வெறுமையாக இருக்கிறதென்று நெகட்டிவில் மேகத்தை வரைந்து சேர்த்தவரும் இவர்தான். டச்சப் அன்றே தொடங்கிவிட்டது. 1859இல் ஆளுநர் டிரெவெல்யன் இந்த வேலையே வீண் செலவு என்று நிறுத்திவிட்டார்.

இத்தனைக்கும் அந்தச் சுருளை வைத்துக்கொண்டு பெரிய கோயிலைக் கட்டியது யார் என்று அப்போது எவரும் சொல்லவில்லை. 1886இல் ஹுல்ட்ஷ் அரசின் கல்வெட்டாளராக வந்து, கல்லையும் படியையும் வைத்துப் படித்த பிறகே முதலாம் ராஜராஜன் பெயர் உறுதியானது. அவருக்குப் பின் கல்வெட்டுத் துறை நம்பியது கேமராவை அல்ல, மைப்படியை. கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால் அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார்கள். பள்ளம் வெள்ளையாகவும் மேடு கறுப்பாகவும் நிற்கும். எழுத்து அதே அளவில் கிடைக்கும். லென்ஸ் வளைவு கிடையாது, ஓரம் கலங்காது, வெயில் எந்தப் பக்கம் என்ற கவலை இல்லை. ஒரு தொழில்காரனாக ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்: நூறு வருஷத்துக்கு மேல் மைப்படிதான் ஜெயித்தது.

பிரம்மதேசத்துக்குப் பக்கத்து ஊரான எண்ணாயிரத்தின் புகழ்பெற்ற கல்வெட்டும் அப்படி 1917இல் படியெடுத்ததுதான். அந்த ஆண்டுத் தொகுப்பில் அதற்கு 333ஆம் எண். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் அங்கே நடந்த கல்லூரியில் 270 இளைய மாணவர்கள், 70 மூத்த மாணவர்கள். ரிக் வேதத்துக்கு 75 பேர், யஜுர் வேதத்துக்கு 75 பேர், ரூபாவதாரம் என்ற இலக்கணம் படிக்க 40 பேர் என்று கணக்கு அத்தனையும் கல்லில் இருக்கிறது. மைப்படியில் ஓர் எண் மங்கினால் அந்தக் கணக்குக் கூடாது. தெளிவு என்றால் என்ன என்பதற்கு இதைவிடக் கறாரான விளக்கம் எனக்குத் தெரியாது.

கேமரா திரும்பவும் மரியாதை பெற்றது புதுச்சேரியில். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மறு ஆண்டிலிருந்து தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் படம் பிடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே இருக்கின்றன. சிற்பமும் தூணும் அவர்களுடைய முதல் அக்கறை. அன்றைக்குப் படத்தில் இருந்த சாமி சில கோயில்களில் இன்றைக்கு இல்லை. திருட்டுப் போன சிலைகளை மீட்ட வழக்குகளில் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் சாட்சியாக நின்றிருக்கின்றன. எடுத்தவர்கள் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஸ்டுடியோப் பக்கம் 120 பிலிம் வந்து ஆப் பிளேட்டை ஓரங்கட்டியது. ஒரு ரோலுக்கு 12 படம், யாஷிகா மேட்டில் இடுப்பளவில் குனிந்து பார்த்து எடுக்க வேண்டும். கிழக்கு ஜெர்மனியின் ஓர்வோ பிலிம் தாராளமாகக் கிடைத்தது. ஊட்டியில் 1960இல் ஆரம்பித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து' பேப்பரும் பிலிமும் பின்னாலேயே வந்தன. கலர் லேப் வந்ததும் தரம் பார்க்கிற வேலையே கையை விட்டுப் போனது. லேப்காரர் போட்ட கலர்தான் கலர்.

மிரர்லெஸ்ஸுக்கு வருகிறேன். 2008இல் ஒலிம்பஸும் பானசோனிக்கும் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்ற அமைப்பை அறிவித்தன. அதே ஆண்டு பானசோனிக் ஜி1 வெளிவந்தது. உள்ளே இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டதால் உடம்பு மெலிந்தது. சென்சார் 17.3க்கு 13 மில்லிமீட்டர். பழைய 35 மி.மீ. பிலிம் கட்டத்தின் பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு. அடுத்து சோனி கொஞ்சம் பெரிய சென்சாரோடு வந்தது, 2013இல் முழு அளவு சென்சாரையும் சின்ன உடம்புக்குள் வைத்தது. என் கையில் இருப்பது அந்தச் சின்ன சென்சார் வகைதான், 20 மெகாபிக்சல். பக்கவாட்டில் 5184 புள்ளி. கல்வெட்டின் ஒரு மீட்டர் அகலத்தை ஒரு படத்தில் அடக்கினால் மில்லிமீட்டருக்கு ஐந்து புள்ளி விழும். உளி இழுத்த கோடு இரண்டு மில்லிமீட்டர் என்றால் அதற்குப் பத்துப் புள்ளி. கணக்குப்படி இது தாராளம். கணக்கு ஏமாற்றும் இடங்கள் வேறே.

முதலாவது ஓரம். ஒரே எழுத்தைக் கட்டத்தின் நடுவில் வைத்து ஒன்று, நாலு மூலையிலும் வைத்து நாலு எடுக்க வேண்டும். f/2.8இல் நடுவில் உளித்தடம் தெரியும், மூலையில் எழுத்தின் உருவம் மட்டும் இருக்கும். f/5.6, f/8 வரும்போது மூலையும் சேர்ந்துகொள்ளும். நாலு மூலையில் ஒன்று மட்டும் கடைசிவரை மங்கலாகவே இருந்தால் லென்ஸ் கோணலாகப் பொருந்தியிருக்கிறது; பில் கையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். அப்பாவின் பழக்கத்தில் f/22 வரை மூடினால் இந்தச் சின்ன சென்சாரில் படமே குழையும். துவாரம் மிகக் குறுகினால் ஒளி விளிம்பில் சிதறிப் பரவும். பெரிய பிளேட்டில் அது கண்ணில் படாது, இங்கே f/16லேயே படுகிறது. அடித்தளத்தில் குமுதம் என்கிற வளைந்த உறுப்பிலும் எழுத்து இருக்கும். நடு எழுத்துக்கு ஃபோகஸ் வைத்தால் மேல் வரி பின்னால் போய்விடும். அங்கேதான் சின்ன சென்சாருக்கு ஒரு லாபம்: அதே f/8இல் அதே சட்டகத்தை எடுத்தாலும் பெரிய சென்சாரைவிட ஆழமாகத் தெளிவு கிடைக்கும்.

இரண்டாவது, கேமராவே செய்கிற டச்சப். சாயங்காலம் ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்றினால் படத்தில் புள்ளி தட்டும். அதை மறைக்க கேமரா தானாகவே தேய்த்துவிடுகிறது. கருங்கல்லின் சொரசொரப்பும் கூடவே போய், சுவர் மெழுகில் வார்த்தது மாதிரி ஆகிவிடும். கல்யாண முகத்துக்கு அது அழகு. கல்வெட்டுக்கு விஷம். கூர்மையை ஏற்றுகிற அமைப்பு அதற்கு நேர் எதிரான கெடுதல் செய்யும்: ஒவ்வொரு விளிம்பிலும் வெள்ளைக் கோடு போட்டு, கல்லின் பிளவையும் உளித்தடம் போலக் காட்டும். எங்கள் கூட வருகிற ஓய்வுபெற்ற தமிழாசிரியர் கல்லெழுத்து படிப்பவர். கேமராத் திரையில் படத்தைப் பெரிதாக்கி, "தம்பி, இது 'கொ'வா, 'கா'வா? முன்னாடி இருக்கிறது கொம்பா, வெடிப்பா?" என்பார். கல்லுக்கு முன்னால் நின்று பார்த்தால் தெரிகிறது, படத்தில் தெரியவில்லை. கேமரா கை வைக்காத மூலப் பதிவான ரா ஃபைலைத் திறந்து, தேய்ப்பையும் கூர்மையையும் பூஜ்யத்தில் வைத்தால் வெடிப்பின் விளிம்பு உடைசலாகவும் உளியின் விளிம்பு மழுங்கியும் தெரிந்தன. "சரி சார், வெடிப்புதான்" என்றேன். அவர் ஒரு எழுத்தை அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார். பளிச்சென்று இருக்கிற படத்தைவிட, வெடிப்பை எழுத்தாக்காத படம்தான் எங்களுக்குத் தரமான படம்.

மூன்றாவது வெளிச்சம். இதில் எந்தக் கேமராவும் உதவி செய்யாது. நேர் வெயிலில் எழுத்து கல்லோடு கல்லாகிவிடும். வெயில் சுவரை ஒட்டிச் சாய்வாக வழிய வேண்டும். கிழக்குச் சுவருக்கு உச்சிப்பொழுதுக்குச் சற்று முன், மேற்குச் சுவருக்குச் சற்றுப் பின். வடக்குச் சுவருக்கு நடுப்பகல் வெயிலே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். நம் ஊர் பூமத்தியரேகைக்கு வடக்கே 12 பாகையில் இருப்பதால், சித்திரை 10 வாக்கிலிருந்து ஆவணி முதல் வாரம் வரை சூரியன் நடுப்பகலில் வடக்கே சாய்ந்து நிற்கும். அதன் தொடக்கத்திலும் முடிவிலும் உச்சி வெயில் வடக்குச் சுவரில் செங்குத்தாக வழுக்கி இறங்கும். கூரை விளிம்பான கொடுங்கையின் நிழல் சுவரில் பெரும்பகுதியைத் தின்னும், அந்த நிழலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் அடித்தளத்துக்கு வெளிச்சம் கிடைக்கும். மற்ற மாதங்களில் பொழுது சாய்ந்த பிறகு எல்.இ.டி. டார்ச்சை ஒருவர் பக்கவாட்டில் பிடிக்க, இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று எடுக்கிறோம். 2001இல் எச்.பி. ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் கூட்டாளிகளும் கண்டுபிடித்த முறையும் இதே விதைதான்: பல திசை வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கணினியில் சேர்த்து, விளக்கை வேண்டிய பக்கம் நகர்த்திப் பார்ப்பது.

கேட்ட பிள்ளைகளுக்கு என் தீர்ப்பு இது. இன்றைக்குக் கடையில் கிடைக்கும் எந்தச் சின்ன மிரர்லெஸ்ஸும், ஜூம் இல்லாத நல்ல லென்ஸ் ஒன்றும், முக்காலியும் இருந்தால் கல்வெட்டுப் படிக்கத் தேவையான தெளிவைக் கொடுத்துவிடும். பெரிய சென்சாருக்குக் கூடுதலாகக் கொட்டும் பணத்தில் பாதியைப் பெட்ரோலுக்கு வைத்துக்கொண்டு, வெயில் சரியாக விழுகிற நாளில் மறுபடி போய் வாருங்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள், நமக்கு வேண்டியது வெளிச்சுவர். அளவுகோல் ஒன்றை எழுத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒரு படத்தின் கடைசி எழுத்து அடுத்த படத்திலும் வரட்டும். ரா ஃபைலை அழிக்காமல், ஊர், கோயில், எந்தச் சுவர், என்ன தேதி என்று பெயரிட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்பையோ கோலமாவையோ எண்ணெயையோ மட்டும் கல்லில் தடவாதீர்கள்.