திருவிருந்தும் சேரியும்

இரட்சிப்பு அவனவன் ஆத்துமா சமாச்சாரம், சாதி உலக சமாச்சாரம் என்று பிரசங்கம் பண்ணுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சேரிக்கு வந்து ஜெபிப்பார்கள்; ஒரு வாய்த் தண்ணி குடிக்க மாட்டார்கள். இந்த வசதியான விசுவாசத்துக்கும் அதை எதிர்த்ததுக்கும் தென்னாற்காட்டில் வரலாறு இருக்கிறது.

கடலூரிலிருந்து பண்ருட்டி போகிற வழியில், நெல்லிக்குப்பம் தாண்டினால் மேல்பட்டாம்பாக்கம். 1861இல் அங்கே மிஷன் நிலையம் தொடங்கியவர் கார்ல் ஓக்ஸ். லைப்சிக் லுத்தரன் மிஷனில் இருந்த ஜெர்மானியர். அதன் தலைவர் கார்ல் கிரவுலுக்குச் சாதி ஒரு சமூக ஏற்பாடு. மெல்ல மெல்லக் கரையட்டும் என்றார். 1850இல் சென்னையில் கூடிய மற்ற மிஷனரிகளோ, எந்தச் சாதிக் கிறித்தவரோடும் உட்கார்ந்து சாப்பிடாதவருக்குச் சபையில் இடமில்லை என்றார்கள். லைப்சிக் இணங்கவில்லை. ஓக்ஸ் தன் மிஷனோடு மோதி வெளியேறினார். பிறகு டேனிஷ் மிஷன் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது. கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்கு வேர் அங்கேதான்.

வெள்ளைக்காரப் பாதிரிக்கு மாலை போட இதைச் சொல்லவில்லை. பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பது விசுவாசத்தின் கேள்வி. அதைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதை உலகம் பார்த்திருக்கிறது.

1857இல் தென்னாப்பிரிக்க டச்சு சீர்திருத்தச் சபை, சிலருடைய பலவீனத்தைக் காரணம் காட்டி, வெள்ளையரல்லாதாருக்குத் தனி வழிபாட்டை அனுமதித்தது. பலவீனம் வெள்ளையருக்கு, தண்டனை மற்றவருக்கு! அந்தத் தனிப் பந்திதான் பின்னால் நிறவெறி ஆட்சிக்கு வேத நியாயமானது. 1977இல் தார் எஸ் சலாமில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, நிறவெறியை மறுப்பது விசுவாசத்தின் அடிப்படை என்று அறிவித்தது. 1984இல் புடாபெஸ்டில், இணங்காத வெள்ளையர் சபைகளின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது.

சிதம்பரத்துக்கு வருவோம். சுவாமி சகஜானந்தர் திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்தும் மதம் மாற மறுத்தவர். துறவிதான், ஆனால் தன் மோட்சத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஒதுங்கவில்லை. 1916இல் நந்தனார் பள்ளியைத் தொடங்கிச் சேரிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார். கிறித்தவர் கற்க வேண்டிய பாடம் இது.

கற்றோமா? பழைய தென்னாற்காட்டு எறையூரில் கத்தோலிக்கத் தலித்துகள் தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் கத்தோலிக்கர்களே. நிறவெறிக்கு ஓங்கிய கோலை உலகச் சபைகள் சாதிக்கும் ஓங்கணும். அதுவரை ஆத்துமா பேச்சு எங்களிடம் எடுபடாது.