இருவர் இருவராய்ச் சென்ற சகோதரிகள்

யூபிலி கொண்டாடும் இவ்வேளையில், நமது ஆலயத்தை எழுப்பிய முன்னோரை நன்றியோடு நினைவுகூருகிறோம். ஆனால் பங்கு என்பது கல்லும் சுண்ணாம்பும் மட்டுமன்று. ஒருவர் துன்பத்தில் மற்றொருவர் கதவைத் தட்டும் உறவே பங்கு. அவ்வுறவைப் பெண்கள் கூடி எவ்வாறு வளர்த்தார்கள் என்பதற்கு, பங்குகள் தோறும் நாம் காணும் மரியாயின் சேனையின் தொடக்க வரலாறே நல்ல சான்று.

அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில், பிரான்சிஸ் வீதியில், மைரா இல்லம் என்றொரு வீடு இருந்தது. வின்சென்ட் தே பவுல் சபையைச் சேர்ந்த ஆண்கள் அங்கே கூடி, ஏழைகளையும் நோயாளிகளையும் சந்தித்து வந்தனர். அவர்கள் மருத்துவமனைக்குச் சென்று வந்த செய்தியைக் கேட்ட பெண்கள் சிலர், இப்பணியை நாங்களும் செய்யலாகாதா என்று கேட்டனர். பிராங்க் டப் என்ற அரசு அலுவலரும், மைக்கேல் தோஹர் என்ற குருவானவரும் இதற்கு இசைந்தனர்.

1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள், தேவதாயின் பிறந்தநாள் திருவிழாவுக்கு முந்திய மாலை எட்டு மணிக்கு, முதற் கூட்டம் நடந்தது. வெள்ளைத் துணி விரித்த மேசையில் அமலோற்பவ மாதாவின் சுரூபம், இரண்டு மெழுகுதிரிகள், இரண்டு பூச்சாடிகள்; அவ்வளவே. வந்தவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். செபமாலை சொல்லி, பணியைப் பகிர்ந்துகொண்டு, நோயுற்ற ஏழைப் பெண்களைச் சந்திக்கப் புறப்பட்டனர். எலிசபெத் கிர்வன் அம்மையார் முதல் தலைவியானார். ஆண்களின் முதல் பிரசீடியம் 1929-இல்தான் தோன்றியது என்பதை நம் ஆடவர் கவனிக்க வேண்டும்!

இக்குழு வேரூன்றியது எதனால்? அதன் ஒழுங்குகளில் மூன்றைப் பாருங்கள். வாரந்தோறும் தவறாத கூட்டம். தனியே செல்லாமல் இருவராய்ச் செல்லுதல். மூன்றாவது, சந்திக்கும் வீடுகளில் பணமோ பொருளோ கொடுக்கலாகாது என்ற விதி. இது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் கொடுப்பவர், வாங்குபவர் என்ற பிரிவு வந்துவிட்டால் அங்கே தோழமை தங்குவது அரிது. வெறுங்கையோடு வருபவள், தன்னையே கொடுக்க வேண்டியவளாகிறாள்.

இத்தோழமைக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1922-இல், தெருவில் உடலை விற்று வாழ்ந்த பெண்களுக்காக இவர்கள் ஓர் இல்லம் திறந்தனர். அதைவிடப் பெரிய சோதனை 1930-இல் தொடங்கிய 'ரெஜினா சேலி' இல்லத்தில் வந்தது. மணமாகாமல் தாயான பெண்ணை அந்நாட்டில் குடும்பமும் ஊரும் ஒதுக்கின. திருச்சபையைச் சார்ந்தவை உட்படப் பல நிலையங்களில் தாயும் சேயும் பிரிக்கப்பட்டனர். இதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே உண்மைக்கு அழகு. 2021-இல் அயர்லாந்து அரசே இதற்காக மன்னிப்புக் கேட்டது. ரெஜினா சேலியிலோ தாய் தன் பிள்ளையைத் தன்னிடமே வைத்துக்கொள்ள முடிந்தது. சில தாய்மார் வேலைக்குச் செல்ல, இல்லத்தில் இருந்த தாய்மார் அவர்களுடைய குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டனர். அங்கும் வறுமை இருந்தது. தொடக்க ஆண்டுகளில் குழந்தைகள் பலர் இறந்த துயரமும் உண்டு. ஆயினும் ஊர் தள்ளிவைத்த பெண்கள் ஒருவர் பிள்ளையை மற்றவர் மடியில் ஏந்தினார்களே, அதுவன்றோ சகோதரத்துவம்!

டப்ளினில் வீதியோரப் பெண்களிடையே உழைத்த பிரசீடியத்தின் தலைவியாயிருந்தவர் ஏதல் குவின். காசநோயால் நலிந்த உடலோடு 1936-இல் கிழக்கு ஆப்பிரிக்கா சென்று, பல நாடுகளில் சேனையை நிறுவி, 1944-இல் நைரோபியில் உயிர் நீத்தார். 1994-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார்.

இவ்வரலாறு புதிதன்று. கருவுற்றிருந்த மரியாள் மலைநாட்டுக்கு விரைந்து, எலிசபெத்தம்மாளுடன் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினார் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். வாழ்த்திவிட்டுத் திரும்பவில்லை, தங்கினார்.

அன்பான தாய்மாரே, சகோதரிகளே! நம் சங்கங்களில் செபம் குறையவில்லை, வருகைப் பதிவேடும் ஒழுங்காக இருக்கலாம். ஆனால் கணவனால் கைவிடப்பட்டவள், கடனால் முகம் மறைத்துத் திரிபவள், ஊர் வாயில் விழுந்தவள் ஆகியோர் வீட்டு வாசலை நாம் மிதித்ததுண்டா? நம் பாயில் அவளுக்கும் இடம் உண்டா? யூபிலிக் கொடி இறங்கிய பின்னர் வரும் முதல் வாரத்திலேயே, இருவர் இருவராய்ப் புறப்படுவோம். சந்திக்கச் சென்ற தேவதாய் நமக்கு முன்னே நடப்பாராக.