வேலியின் வயது

மேப்பிள் என்றதும் நமக்கெல்லாம் கனடாக் கொடிதான் ஞாபகம் வரும். பிரிட்டன் மண்ணுக்குச் சொந்தமான மேப்பிள் வேறு, ஃபீல்டு மேப்பிள். சும்மா விட்டால் 20 மீட்டர் வரை வளரும். இலையுதிர் காலத்தில் பொன்மஞ்சளாகிக் கொட்டும். ஆனால் எங்கே சும்மா விட்டார்கள்? பல நூற்றாண்டுகளாக அதை வேலியாக்கினார்கள்.

முறை கொஞ்சம் குரூரமானது. குளிர்காலத்தில் தண்டை அடியில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி, மிச்சமிருக்கும் பட்டை அறுந்துவிடாமல் சாய்த்துப் படுக்க வைப்பார்கள். மரம் சாகாது. வசந்தத்தில் வெட்டுப்பட்ட இடத்திலிருந்து தளிர் கிளம்பும். சில வருஷத்தில் மாடு நுழைய முடியாத உயிர்வேலி!

எனக்கு இதில் ஆர்வம் வந்ததே ஒரு சூத்திரத்தால்தான். மேக்ஸ் ஹூப்பர் என்ற சூழலியலாளர் சொன்னது: வேலியில் 30 கெஜத்துக்குள் எத்தனை மரவகை நிற்கிறதோ, வகைக்கு ஏறக்குறைய 100 வருஷம் என்று அதன் வயதைப் போடலாம். மேப்பிள் பிந்தி வந்து சேரும் வகை. ஆக, அது நிற்கும் வேலி பெரும்பாலும் பழையது. என்ஜினியர் மூளைக்கு இனிக்கிற விஷயம். ஆனா முதல்நாளே நாலு வகைக் கன்றைக் கலந்து நட்டவனுடைய வேலியில் கணக்கு கவிழ்ந்துவிடும்.

வேலி யாரை வெளியே நிறுத்தியது என்பதையும் இந்தச் சூத்திரம் சொல்லாது. 1604 முதல் 1914 வரை 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்கள்; சுமார் 68 லட்சம் ஏக்கர். மாடு மேய்த்து, விறகு பொறுக்கிப் பிழைத்தவர்களுக்குப் பொதுநிலம் போனது. அப்போது நட்ட வேலிகள் பெரும்பாலும் ஹாதார்ன் முள்செடி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக ஓடும். ஹெல்ப்ஸ்டன் கிராமத்துக்கு 1809இல் சட்டம் வந்தது. அதை எதிர்த்துக் கவிதை எழுதிய ஜான் கிளேர் ஒரு கூலித் தொழிலாளி. அந்த வேலிகளை நட்ட கூலிகளில் அவரும் ஒருவர். வயிறு இருக்கே, என்ன செய்ய? மேப்பிள் மரத்தைப் பற்றியும் அவர் ஒரு கவிதை எழுதியிருக்கிறார்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு பெரிய எந்திரங்கள் திரும்புவதற்காக வேலிகளைப் பிடுங்கித் தள்ளினார்கள். 1997இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வேலிகளைக் காக்க விதிகள் வந்தன. இப்போது வயலோர வேலியைப் பிடுங்க நினைக்கும் நிலக்காரர், உள்ளூராட்சிக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். 30 வருஷத்துக்கு மேல் பழைய வேலி என்றால், அது முக்கியமானதா என்று பார்க்க 30 மீட்டருக்குள் எத்தனை மரவகை என்றும் எண்ணுவார்கள். எண்ண வேண்டிய மரங்களின் பட்டியலில் ஃபீல்டு மேப்பிளும் இருக்கிறது.