காந்தலும் காவலும்: மின் உலைக் கம்பியின் வரலாறு



சோற்றுப் பானையின் அடியில் கருகிப் பிடிப்பதைக் ‘காந்தல்’ என்போம். உலகெங்கும் தொழிற்சாலை மின் உலைகளில் பயன்படும் ஒரு கம்பியின் வணிகப் பெயரும் காந்தலே! இரண்டிற்கும் உறவேதும் இல்லை. வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆயினும் அப்பெயரின் பின்னே சென்றபோது, மாணவர்க்கும் பெற்றோர்க்கும் சொல்லத்தக்க ஒரு வரலாறு எனக்குக் கிடைத்தது.

கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் வெப்பம் பிறக்கும். அவ்வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். இவ்விதியை இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1841-இல் வெளியிட்டார். விதி கிடைத்தும், அதற்கேற்ற மலிவான கம்பி அறுபது ஆண்டுகளுக்கு மேல் கிடைக்கவில்லை. இரும்புக் கம்பி செஞ்சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடிச் செதில் செதிலாக உதிர்ந்தது. பிளாட்டினம் தாங்கிற்று, அதன் விலையைத்தான் தொழிற்சாலைகளால் தாங்க இயலவில்லை.

அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் இதற்கு விடை கண்டார். நிக்கலும் குரோமியமும் கலந்த அவரது உலோகக் கலவைக்கு 1906-இல் காப்புரிமை கிடைத்தது. ‘நிக்ரோம்’ எனப் பின்னாளில் பரவலாக அறியப்பட்ட கலவை இவ்வகையினதே. ரொட்டி வாட்டியிலும் முடி உலர்த்தியிலும் நாம் காணும் சுருள் பெரும்பாலும் இதுதான். அடுத்து, சுவீடனின் ஹால்ஸ்டாஹமார் என்ற ஊரில் ஹான்ஸ் வான் கான்ட்சோவ் என்னும் பொறியாளர், இரும்பு, குரோமியம், அலுமினியம் மூன்றையும் கலந்து இன்னும் மிகுந்த வெப்பம் தாங்கும் கம்பியை உருவாக்கினார். தம் பெயரின் முற்பகுதியையும் ஊர்ப் பெயரின் முற்பகுதியையும் இணைத்து அவர் வைத்த பெயரே ‘காந்தல்’. 1931-இல் அப்பெயரில் நிறுவனமும் எழுந்தது. நிக்ரோம் ஏறத்தாழ 1200 பாகை செல்சியஸ் வரை தாங்கும். காந்தலின் உயர்ந்த வகைகள் 1400 பாகை வரை தாங்கும்.

இக்கம்பிகள் ஏன் எரிந்து போவதில்லை? உண்மையில் அவையும் எரிகின்றன; ஆனால் மேற்புறத்தில் மட்டுமே. முதற் சூட்டிலேயே நிக்ரோமின் மேல் குரோமிய ஆக்சைடும், காந்தலின் மேல் அலுமினிய ஆக்சைடும் மெல்லிய தோலாகப் படிகின்றன. அத்தோல் உதிராமல் ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. தோல் வெடித்தால், உள்ளிருந்து அலுமினியம் வெளிவந்து புதுத்தோல் ஆகிறது. அந்த இருப்புத் தீரும் நாளே கம்பியின் இறுதி நாள். மெல்லிய கம்பி விரைவில் அழிவதற்கும் தடித்தது நெடுநாள் உழைப்பதற்கும் இதுவே காரணம்.

எனவே, உலைப் பராமரிப்பு என்பது பெரிதும் இத்தோலைக் காப்பதே. தீங்கான வளி நிறைந்த உலையில் பயன்படுத்துமுன், புதிய காந்தல் கம்பியை ஏறத்தாழ 1050 பாகையில் பல மணி நேரம் உலர்ந்த காற்றில் சூடேற்றித் தோலை வளர்ப்பர். உலைத் தரையில் உதிரும் இரும்புச் செதில்களை அவ்வப்போது அகற்றுவர். அவை கம்பியின் மேல் படிந்தால் தோலை அரித்துவிடும். கந்தகம் கலந்த வளியோ நிக்கல் கம்பிக்கு நஞ்சு. பழகிய காந்தல் கம்பி ஆறிய நிலையில் கண்ணாடிபோல் முறியும். ஆதலால் சூடேற்றிய பின்னரே வளைப்பர்.

கம்பியில் ஓரிடம் மெலிந்தால் அங்கே மின்தடை கூடும்; சூடு கூடும்; சூட்டால் மேலும் மெலியும். சிறு கீறலும் நாளடைவில் கம்பியை அறுத்துவிடும் என்பது இதனால் விளங்கும். முனை இணைப்பு தளர்ந்தாலும் இதே கதிதான். ஆகவே மின்னோட்டத்தை முறையாக அளந்து குறிப்பேட்டில் எழுதி வருவர். மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சைப் பூட்டி, சாவியைத் தம்மிடம் வைத்துக்கொண்ட பின்னரே உலைக்குள் கைவைப்பர். சாவியை மறந்தால் இழப்பது கம்பியையன்று, உயிரை.

உலோகமல்லாத சூடேற்றிகளும் உண்டு. அமெரிக்காவின் எட்வர்ட் அச்சிசன் 1891-இல் செய்த சிலிக்கன் கார்பைடு பின்னர் உலைத் தண்டுகளாயிற்று. வயது ஏற ஏற இத்தண்டுகளின் மின்தடை உயரும். பழையவற்றோடு புதியது ஒன்றை இணையாகச் சேர்த்தால், புதியதே மிகுதியான மின்னோட்டத்தை இழுத்துத் துன்புறும். அதனால் மின்தடை ஒத்தவற்றையே ஒன்றாகப் பொருத்துவர். ஒரு குறிப்பேடு இல்லையேல் இவ்வேலை நடவாது.

இவ்வளவையும் நான் எழுதக் காரணம் உண்டு. தொழிற்கல்வியைத் “தேர்வில் பின்தங்கியவர்க்கு உரியது” எனச் சில பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். உலையைக் காப்பவர் வேதியியல் அறிந்திருக்க வேண்டும்; மின்னியல் அறிந்திருக்க வேண்டும்; அளந்ததை ஒழுங்காக எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். மார்ஷையும் கான்ட்சோவையும் வரலாறு பெயர் சொல்லிப் போற்றுகிறது. அவர்கள் தந்த கம்பியை ஒரு நூற்றாண்டாக அணையாமல் காத்தவர்கள் பெயரின்றி நிற்கின்றனர்.

ஆசிரிய நண்பர்களே, வெப்ப ஆற்றல் பாடத்தின்போது கண்டுபிடித்தவர்களோடு காத்து வருபவர்களைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். அவர்களுள் ஒருவர் உங்கள் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தந்தையாகவோ தாயாகவோ இருக்கக்கூடும்.