தோட்டப்புறத்துக் காட்டுக்கோழிக் கறி: ஒரு வரலாற்றுக் குறிப்பு

மலேசியத் தோட்டத் தமிழர் வரலாற்றை இரப்பர் விலை, கூலி, குடிபெயர்வு ஆகியவற்றைக் கொண்டே பெரும்பாலும் எழுதி வந்துள்ளோம். அடுப்படியும் அவ்வரலாற்றின் சான்றாகும் என்பதைக் காட்டுக்கோழிக் கறி உணர்த்துகின்றது.

கோலா சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டத்தில், 1917இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரீடு தொடங்கியது. செங்காட்டுக்கோழி காட்டோரத்திலும் செம்பனை நிழலிலும் இரைதேடி வாழ வல்லது. வீட்டுக்கோழியின் மூதாதையும் இதுவே. எனினும், சமைக்கும் பக்குவம் வேறு.

ஓடித் திரியும் இப்பறவையின் தொடை இறுகியிருக்கும். கொழுப்புக் குறைந்த நெஞ்சுக்கறியோ விரைவில் வறண்டுவிடும். ஆதலால் இரண்டையும் ஒருசேர வேகவைத்தல் பொருந்தாது. தொடையையும் எலும்பையும் மல்லி, மிளகாய் அரைத்த குழம்பில் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும். நெஞ்சுக்கறியை மெல்லியதாக அரிந்து, மஞ்சளும் உப்பும் பிசறி, சின்ன வெங்காயத்துடன் நல்லெண்ணெயில் வதக்கி, மிளகுத்தூள் தூவி, உட்சிவப்பு மறைந்தவுடன் இறக்கிவிட வேண்டும்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டமும் அதற்கு மாற்றாக வந்த 2010ஆம் ஆண்டுச் சட்டமும் உரிமமின்றி இதனை வேட்டையாடுவதைக் குற்றமாக்கின. தோட்டத் துண்டாடலும் பின்னர் வந்த வீடமைப்புத் திட்டங்களும் பல லயங்களைக் கலைத்தன. வேட்டை குறைந்தமைக்கு நாம் வருந்த வேண்டியதில்லை. ஆனால், இப்பக்குவம் அறிந்த மூதாட்டியரின் வாய்மொழி பதிவின்றி மறையுமாயின், அது வரலாற்று இழப்பாகும். அதனைத் தொகுத்தல் நம் கடமை.