மூச்சைப் பையில் பிடித்தவர்கள்

கைக்கடிகாரம் காட்டும் கலோரிக் கணக்குக்குப் பின்னால் யாரோ ஒருவர் மூச்சிரைக்க உழைத்திருக்கிறார். மருத்துவக் கல்லூரியில் உடலியல் நடத்திய காலம் முழுக்க மாணவர்களிடம் இதை விடாமல் சொல்லி வந்தேன்.

1890களில் அமெரிக்காவின் மிடில்டவுனில் அட்வாட்டரும் ரோசாவும் ஓர் ஆளையே சிறு அறைக்குள் வைத்து அளந்தார்கள். அவர் நாள்கணக்கில் அங்கேயே உண்பார், உறங்குவார், நகராத சைக்கிளை மிதிப்பார். உடற்சூட்டைக் குழாயில் ஓடும் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். அருமையான கருவிதான். ஆனால் வயலையோ சுரங்கத்தையோ அதற்குள் கொண்டுவர முடியாதே!

1911இல் ஆக்ஸ்ஃபோர்டின் டக்ளஸ் அதற்கு வழி கண்டார். மூக்கைக் கிளிப்பால் அடைத்து, வாயில் வால்வுக் குழாயைக் கவ்வினால், வெளிவிடும் மூச்சு முதுகுப் பையில் சேரும். அதை ஆராய்ந்தால் உடல் எடுத்துக்கொண்ட ஆக்சிஜன் தெரிந்துவிடும்; லிட்டருக்கு ஏறக்குறைய 5 கிலோகலோரி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதை மாட்டிக்கொண்டு பெஞ்சில் ஏறி இறங்கிய பிள்ளைகளுக்குத் தாடை வலிக்கும், எச்சில் வழியும். அப்படியும் ஒவ்வொருவரையும் செய்யவைத்தேன்.

என் மனத்துக்கு நெருக்கமானது 1952இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் நடந்த ஆய்வு. பாஸ்மோர், டர்னின் முதலியோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களையும் குமாஸ்தாக்களையும் வாரம் முழுக்க அளந்தார்கள். ஜெர்மனியில் உருவான சிறு மூச்சளவிப் பெட்டியை முதுகில் சுமந்துகொண்டே தொழிலாளி கரி அள்ளினார். படுக்கை, நடை, வேலை என்று ஒவ்வொரு நிமிடமும் குறிக்கப்பட்டது. தொழிலாளிக்கு நாளொன்றுக்குச் சராசரி 3,660 கிலோகலோரி, குமாஸ்தாவுக்கு 2,800. உறக்கத்திலும் ஓய்வுப் பொழுதிலும் இருவருக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. வித்தியாசம் முழுவதும் வேலை நேரத்தில்தான்! உழைப்பாளியின் சோற்றளவைப் பேசுகிற எவரும் இந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டும் என்பேன்.

செயலுக்கு ஒரு விகிதம், அதை நிமிடத்தால் பெருக்கு: இந்த முறையே பின்னால் பெரும் பட்டியலாக விரிந்தது. 1993இல் எயின்ஸ்வொர்த் குழுவினர் வெளியிட்ட தொகுப்பில் சும்மா உட்கார்ந்திருப்பதற்கு மதிப்பு 1. மற்றதெல்லாம் அதன் மடங்கு. அந்த 1 என்பது, எடையில் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மி.லி. ஆக்சிஜன். முதியவர்கள், உடல் பருத்தவர்கள் பலருக்கு ஓய்வில் அவ்வளவு செலவாவதில்லை. அவர்களை அந்தப் பட்டியல்படி கணக்கிட்டால், எரிக்காத கலோரியும் எரித்ததாகவே வரும்.