இரட்டை மாடி பஸ்ஸும் பாட்டியின் நாற்காலியும்

முப்பது நாற்பது ஆண்டுகள் விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், நிரை நிரையாக நடந்து பால்மரம் சீவியவர்கள் நம் தாத்தா பாட்டிமார்கள். அவர்கள் வேலையை விட்டு நின்றதும், "பட்ட பாடு போதும், சும்மா உட்காருங்க" என்று நாற்காலியைப் போட்டுக் கொடுக்கிறோம். அன்பினால்தான் செய்கிறோம். ஆனால் அந்த நாற்காலி மனிதனை என்ன செய்யும் என்று மருத்துவர்கள் கண்டறிந்த வரலாறு ஒன்று உண்டு.

அது இலண்டன் பஸ்ஸில் தொடங்குகிறது. மாரடைப்பு யாருக்கு அதிகம் வருகிறது என்று 1949ஆம் ஆண்டில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஆராயத் தொடங்கினார். அங்கே ஓடியவை இரட்டை மாடி பஸ்கள். ஓட்டுநர் வேலை நேரமெல்லாம் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரோ டிக்கெட் கொடுக்க நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறுவார். 1953இல் முடிவு வெளிவந்தது: மாரடைப்பு கண்டக்டர்களுக்குக் குறைவு. நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோன தபால்காரர்களிடமும் அதையே கண்டார்கள்.

"பருமனானவர்கள்தானே ஓட்டுநர் வேலைக்குப் போயிருப்பார்கள்?" என்று சிலர் கேட்டார்கள். மோரிஸ் சளைக்கவில்லை. சீருடைக் கால்சட்டைகளின் அளவையே எடுத்துப் பார்த்தார்! ஓட்டுநர்களின் இடுப்பு பெரியதாகத்தான் இருந்தது. ஆகவே, மேசை வேலை பார்த்த அரசாங்க ஊழியர்களைப் பல ஆண்டுகள் கவனித்தார். ஓய்வு நேரத்தில் நன்றாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு அங்கும் மாரடைப்பு குறைவாகவே இருந்தது.

இன்னொரு சோதனை 1966இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்தது. இருபது வயதுடைய ஐந்து வாலிபர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். உழைக்கும்போது உடல் பிராணவாயுவைப் பயன்படுத்தும் சக்தி அவர்களுக்குக் கால்பங்குக்கு மேல் குறைந்துபோயிற்று. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைச் சோதித்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே பெரிது! பிறகு ஆறு மாதம் நடை, மெதுவோட்டம், சைக்கிள் என்று பழகியதில், வயதால் இழந்த சக்தியை மீட்டுக்கொண்டார்கள்.

அந்தச் சக்தியைக் கையிருப்புப் பணமாக எண்ணிப் பாருங்கள். நாற்காலியிலிருந்து எழுவது, கழிவறைக்குப் போவது, பஸ் படியில் ஏறுவது எல்லாவற்றுக்கும் அதிலிருந்துதான் செலவு. இளமையில் கையிருப்பு தாராளம். முதுமையில் அது குறைந்து, செலவுக்கே போதாதபோது, எழுந்து நிற்க ஒருவர் கை தேவைப்படுகிறது. அன்று மரம் சீவி நடந்த நடையை இன்றைக்கென்று சேமித்து வைக்க முடியாது.

அமெரிக்காவில் 70 முதல் 89 வயது வரையிலான 1,635 பேரிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. எல்லோரும் அதிகம் அசையாமல் இருந்தவர்கள். ஒரு பாதியினர் நடைப்பயிற்சியோடு கால் வலுவுக்கும் பயிற்சி செய்தார்கள். மறு பாதியினர் சுகாதார வகுப்புக்கு மட்டும் போனார்கள். 400 மீட்டர் தூரத்தைத் தாமாக நடக்க முடிகிறதா என்பதே பரீட்சை. சுமார் இரண்டரை ஆண்டில் அந்தத் திறனை இழந்தவர்கள் வகுப்புக்குப் போனவர்களில் நூற்றுக்கு 35.5 பேர், பயிற்சி செய்தவர்களில் 30.1 பேர். ஐந்து பேர்தானே வித்தியாசம் என்று தோன்றும். அந்த ஐவரில் ஒருவர் நம் பாட்டியாக இருந்தால்?

தோட்ட வேலையில் முழங்கால் தேய்ந்தவர்கள் பலர். அவர்கள் ஓட வேண்டியதில்லை. பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கும்படி நடந்தால் போதும். முதலில் ஐந்து நிமிடம், பிறகு பத்து. நெஞ்சுவலி, தலைச்சுற்றல் உள்ளவர்கள் முன்னதாக டாக்டரைப் பார்க்க வேண்டும். பாட்டி கடைக்குப் புறப்பட்டால் தடுக்காதீர்கள். பேரப்பிள்ளை ஒருவன் துணைக்குப் போகட்டும். பையைப் பாட்டியே தூக்கி வரட்டும்.